எலிசா சுவரில் போட்ட கோடுகள்

எங்கள் ஊரில் மாதத்தின் முதல் சனிக்கிழமை வீடு வீடாகக் கரண்டு போகும். மின்வாரியம் நிறுத்துவதல்ல அது, எலிசா நிறுத்துவது. ஒரு வீட்டில் போய்த் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த வீட்டில் போகும். மொத்தம் எண்பத்து நான்கு வீடுகள். காலையில் சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கினால் மூன்றாம் தெருவின் கடைசிக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். தோளில் ஒரு ரெக்சின் பை, சேலைக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, காலில் தடித்த ரப்பர் செருப்பு. தூரத்தில் வரும்போதே எலிசாதான் என்று தெரிந்துவிடும்.

அவளைப் பற்றிச் சொல்ல ஊரில் வேறு எத்தனையோ பேர் உண்டு. அவளால் நன்மை கண்டவர்கள் சொல்லட்டும். நான் அவளுக்குக் கெடுதல் செய்தவள். அதனால் எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அபினா எழுதுகிறாள். இரண்டு மூன்று இடத்தில் 'இது வேண்டாம் பாட்டி' என்றாள். வேண்டும் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

எலிசா குளச்சல் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். வந்து ஏழு வருடத்தில் சுனாமி. அவளுடைய கணவனும் மாமியாரும் ஒரே காலையில் போனார்கள். அவளும் கைக்குழந்தையும் மிஞ்சினார்கள். அந்த நாளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குப் பிறகு இரண்டரை வருடம் தகரக் கொட்டகையில் கிடந்தோம். அவளுடைய கொட்டகையும் என்னுடையதும் ஒட்டி இருந்தன. அவளுடைய பிள்ளைக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் அவள் என் வார்த்தையை ஏன் நம்பினாள் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கொட்டகையில் இருந்தபோது ஓர் அமைப்பு வந்து பெண்களுக்குத் தொழில் சொல்லித் தருவதாகச் சொன்னது. தையல், மெழுகுதிரி, ஊறுகாய், கடைசியாக வீட்டு வயரிங். தையலுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்தோம். வயரிங்குக்கு எலிசா ஒருத்திதான். ஏன் மக்கா இந்தப் புத்தி என்று நான் கேட்டேன்.

"தையலுக்கு இருந்தா நினைப்பு எங்கெங்கயோ போவும் மாமி. இதுல நினைப்பு போனா ஷாக் அடிக்கும். அதுதான் எனக்கு நல்லது" என்றாள்.

ஆறு மாதம் நாகர்கோவிலுக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது டெஸ்டரும் குறடும் ஒரு கட்டு வயரும் கையில். சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வருடத்துக்கான சிரிப்பு. கம்பத்தில் ஏறும்போது சேலையை எங்கே செருகுவாய் என்று ஒருவன் கேட்டான். "முதல்ல உனக்க வாயில" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு நேரில் கேட்க ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் 'கரண்டு எலிசா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழில் தென்னந்தோப்புக்கு வடக்கே புது வீடுகள் தந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மெயின் போர்டில் ஒரு டிரிப் சுவிட்ச் இருந்தது. அது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நினைத்த நேரம் விழும், வீடு இருட்டாகும். சவம் என்று திட்டிக்கொண்டே தூக்கிவிடுவோம். இரண்டு வீட்டில் அதைக் கழற்றிவிட்டு நேர் கம்பி கொடுத்துவிட்டார்கள். எலிசாவுக்கு அது தெரிந்ததும் இரண்டையும் திரும்ப மாட்டிவிட்டுப் பெண்களைக் கூட்டினாள். குருசடிக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து கேட்டோம்.

கரண்டு போகக்கூடாத வழியில், அதாவது ஒரு ஆளின் உடம்பு வழியாகக் கொஞ்சம் போனாலும் அந்த சுவிட்ச் கண்டுபிடித்துக் கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்று சொன்னாள். ஆனால் உள்ளே இருப்பது சின்ன வில்கம்பி. கடற்காற்றில் துருவேறி ஒட்டிக்கொண்டால் வெளியே பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், தேவையான அன்று விழாது. அதனால் மாதம் ஒரு தடவை அதன் பொத்தானை அழுத்தி விழவைத்துப் பார்க்க வேண்டும்.

"தடைக்காலம் முடிஞ்சு வள்ளத்துக்க எஞ்சின இழுத்தா ஒரே இழுப்புல கிளம்புதா? அசையாம கிடந்தது எல்லாம் அப்படித்தான்" என்றாள். அது எல்லோருக்கும் புரிந்தது.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவள் தன் காசில் ஒரு குப்பி கியூட்டெக்ஸ் வாங்கி எல்லா வீட்டிலும் அந்தப் பொத்தானுக்குச் சிவப்புப் பூசினாள். சிவப்பை அழுத்த வேண்டும். கரண்டு இருக்கும்போது அழுத்த வேண்டும். விசை டப்பென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அவளைக் கூப்பிட வேண்டும். இந்த நான்கும்தான் பாடம். பிறகும் யாரும் செய்யவில்லை என்று கண்டு, முதல் சனிக்கிழமை தோறும் தானே வரத் தொடங்கினாள். அழுத்திப் பார்த்துவிட்டு, போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். நாலைந்து மாதத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. திருவிழாவுக்குக் கோயிலில் விளக்கு அலங்காரம் செய்யும் வேலையையும் ஊர்க் கமிட்டி அவளுக்கே கொடுத்தது. அந்த வேலையில்தான் அவளும் பிள்ளையும் சாப்பிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் என் மகன் ததேயு பஹ்ரைனுக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். கடல் ஏற்கெனவே எங்களிடம் என்னென்ன எடுத்தது என்று தெரிந்த ஊர். அந்நியக் கடலுக்கு மகனை அனுப்பினால் தாய்க்குத் தூக்கம் வருமா? நான் நேர்ச்சை நேர்ந்தேன். எங்கள் முன்னறையில் திருஇருதய ஆண்டவர் படம் உண்டு. அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. மகன் திரும்பி வந்து இந்த வாசலை மிதிக்கும் வரை அந்த விளக்கு இரவும் பகலும் எரியும், என் கையால் அணைக்க மாட்டேன் என்று நேர்ந்தேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை எலிசா வந்தாள். நான் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அழுத்தினால் விளக்கு அணையும், விடமாட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். தினமும் கரண்டு கட் ஆகிறதே, அப்போது அணையவில்லையா என்று கேட்டாள். அது கவர்மென்டுக்க பாவம், எனக்க பாவம் இல்ல என்று சொன்னேன். ஒரு நிமிடம் மெழுகுதிரி கொளுத்தி வைக்கச் சொன்னாள். கரண்டு கட்டில் நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? அப்படியும் மாட்டேன் என்றேன். அந்த பல்புக்கு மட்டும் ஒரு பேட்டரி வைத்துத் தருகிறேன் என்றாள். பேட்டரியை நான் நேரவில்லை என்றேன். இப்போது சொல்லும்போது நாக்கு கூசுகிறது. அது பக்தி இல்லை. ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மாட்டேன். அவ்வளவுதான்.

"சரி மாமி, உங்க வீடு. ஆனா அழுத்தாம நான் கோடு போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் எங்கள் சுவரில் கோடு இல்லை. பக்கத்து வீட்டு பேபி, மீன் விற்கிறவள், கதவடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்துவிட்டாள். எல்லா வீட்டிலும் கோடு இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு மட்டும் எலிசா வருவதில்லையா, சண்டையா என்று கேட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊர் பேசும் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

கரண்டு கட் ஆகும்போது விளக்கு தானே அணைந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் நேர்ச்சையும் கெடாது, அழுத்தியதாகவும் ஆகும். அடுத்த முதல் சனிக்கிழமை காலை கரண்டு போன நேரத்தில், படத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைத்துவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். விசை அசையவில்லை. கரண்டு இல்லாமல் அசையாது என்று அவள் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

எலிசா வந்து வெளியே நின்று கேட்டாள். நீ சொன்னது போல மெழுகுதிரி வெச்சிட்டு அழுத்தியாச்சு மக்கா என்றேன். அது பொய் இல்லை.

"விழுந்துதா மாமி?"

"விழுந்துது."

அவள் உள்ளே வந்து மகிழ்ச்சியாகக் கோடு போட்டாள். விட்டுப்போன இரண்டு மாதத்துக்கும் இடம் விட்டுப் போட்டாள். நான் பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தேன். சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். அவள் கேட்பாள், நான் சொல்வேன், அவள் கோடு போடுவாள். முதல் தடவை அந்த வார்த்தையை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நாலாவது மாதத்தில் மரச்சீனியை நறுக்கிக்கொண்டே சொன்னேன். என் மருமகள் பிரிஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை 'மாமி, எலிசாக்கா உண்மைன்னு நம்புதாவ' என்றாள். உனக்க வேலையப் பாரு என்று அவள் வாயை அடைத்தேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜூன் மாதத்து இடவப்பாதி மழை. பொதுக் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் மோட்டார் உண்டு, கரண்டு வந்தால் தெருப் பெண்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள். அன்று மத்தியானம் கரண்டு வந்தது. மோட்டாரைப் போட்டேன். பேபி முதல் ஆளாகக் குடத்தோடு வந்தாள். மோட்டாருக்குப் போகிற வயரின் தோல் உப்புக்காற்றில் வெடித்து, மழையில் நனைந்து, இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் குழாயைப் பிடித்ததும் ஒரு சத்தம் கேட்டது. மனிதச் சத்தம் மாதிரி இல்லை. அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். அவள் குழாயோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். கை விடவில்லை.

டிரிப் சுவிட்ச் விழவில்லை.

நான் முன்னறைக்கு ஓடினேன். விசையைக் கையால் கீழே தட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். போர்டுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினேன். அப்போது என் கண் அந்தச் சிவப்பு விளக்கின் மேல் போயிற்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு மூச்சு இருக்கும். இரண்டு மூச்சும் இருக்கலாம். இந்த இடத்தில்தான் அபினா எழுதாமல் பேனாவை வைத்தாள். எழுது என்றேன். நான் விசையைத் தட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் தடாரென்று கேட்டது. பிரிஜா அடுக்களையில் உட்காரும் மரப்பலகையை எடுத்து பேபியின் கையில் ஓங்கி அடித்து அவளை விடுவித்திருந்தாள்.

பேபி பிழைத்தாள். வலது கை வெந்துபோனது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. மீன் வெட்டுகிற கை அது.

ஊர்க் கமிட்டி வெளியூரிலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்தது. அவன் எங்கள் சுவிட்ச்சைக் கழற்றித் திறந்து காட்டினான். உள்ளே பச்சையும் சிவப்புமாகத் துரு. இது வருடக்கணக்கில் அசைந்ததே இல்லை என்றான். பிறகு சுவரைப் பார்த்தான். அப்படியானால் இந்தக் கோடுகளை யார் போட்டது என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் போட்டார்கள். ஆண்கள் நாற்காலியில், நாங்கள் பின்னால் பாயில். பேபியின் அண்ணன்மார் இரண்டு பேரும் கொதித்துப் போய் நின்றார்கள். செயலாளர் அருளப்பன் எலிசாவை எழுந்து நிற்கச் சொல்லி, பரிசோதித்துத்தான் கோடு போட்டாயா என்று கேட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் அழுத்தல. மாமி அழுத்தினாவ, விழுந்துதுன்னு சொன்னாவ. நான் நம்பிக் கோடு போட்டேன். கண்ணால பாக்காம போட்டது எனக்க தப்பு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அருளப்பன் என்ன மாமி என்றார். நான் எழுந்தேன். எனக்கு அப்போது கூட உண்மையைச் சொல்ல ஒரு வழி இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"எனக்கு எழுத்துத் தெரியுமா, படிப்பு உண்டுமா? எது பொத்தான், எது விழணும்னு நான் என்னத்தக் கண்டேன்? அவ வந்தா, பாத்தா, கோடு போட்டா. நான் சாயா போட்டுக் கொடுத்தேன்."

இதுதான் நான் சொன்னது. எழுத்துத் தெரியாது என்பதை வாழ்நாள் முழுவதும் குறையாக நினைத்தவள் அன்றைக்கு அதை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டேன். பாயில் இருந்த அறுபது எழுபது பெண்கள் வீட்டிலும் அந்தப் பொத்தான் சிவப்பாக இருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகவே பூசியது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிரிஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சித்தப்பன் மக்கள், மச்சான்மார், சம்பந்தக்காரர் என்று பாதி ஊர் உறவு. எலிசாவுக்கு அங்கே யார் இருந்தார்கள்?

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தூரத்தில் வருகிற ஆளை இன்னார்தானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். அழவில்லை. இனி வீடுகளுக்குள் போகக்கூடாது, திருவிழா வேலையும் கிடையாது என்று தீர்மானித்துக் கமிட்டி நோட்டில் எழுதினார்கள். அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

அடுத்த மாதம் முந்திரி ஆலைக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரைக்கு வண்டி வந்து ஏற்றிப் போகும், இருட்டும் முன் இறக்கிவிடும். முந்திரி எண்ணெய் பட்டு உள்ளங்கைத் தோல் கறுத்து உரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். தெருப் பையன்கள் பெயரை மாற்றினார்கள். கரண்டு எலிசா போய் 'கோட்டு எலிசா' ஆனாள். அவளுடைய மகளையும் பள்ளிக்கூடத்தில் அப்படியே கூப்பிட்டார்கள். முதல் சனிக்கிழமைகள் வந்தன, போயின. யார் வீட்டிலும் கரண்டு நிற்கவில்லை.

நான் கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். ஆண்டவருக்கும் எனக்கும் உள்ளது அதில் தீர்ந்திருக்கும். எலிசாவுக்கும் எனக்கும் உள்ளது அப்படியே கிடந்தது.

பேபிக்கு நான் கஞ்சி கொண்டுபோனேன். தலை சீவி விட்டேன். இடது கையால் மீன் வெட்டப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக் கொடுத்தேன். இப்படியே சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் அவள் என் தோளில் சாய்ந்து, "பெத்த தாய் கூட இவ்வளவு பாக்க மாட்டா மாமி. அந்த எலிசா இருக்காளே, பஸ் ஸ்டாப்புல நின்னா, நான் காறித் துப்பிட்டு வந்தேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அடுத்த வருடம் மாசி மாதம் ததேயு வந்தான். வாசலை மிதித்தான். நேர்ச்சை முடிந்தது. நான் போய் விளக்கின் சுவிட்ச்சை அமர்த்தினேன். சின்னச் சத்தம். விளக்கு அணைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றரை வருடம் நான் காத்தது இதைத்தான். பேபியின் விரலும் எலிசாவின் பெயரும் இதற்காக எவ்வளவு லேசாகப் போயின என்று நின்று பார்த்தேன். மகன் உள்ளே அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவன் சுவரில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்தான். போனில் நான் சொன்ன கதைதான் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ண எண்ண முகம் சிவந்தது. என் வீட்டுப் பெண்களைச் சாகக் கொடுக்கப் பார்த்தவளை நான் கேட்காமல் விட மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை, எலிசா வீட்டில்தான் இருப்பாள். அவன் கை நீளும் என்று எனக்குத் தெரியும்.

பிரிஜா என் முன்னால் வந்து நின்றாள். என் மகனின் மனைவி, அதுவரை என்னை எதிர்த்து முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசாதவள்.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

நான் ஓடிப்போய்ப் படலைக் கதவுக்கு முன்னால் நின்று அவன் சட்டையைப் பிடித்தேன். தெருவில் நின்றே சொன்னேன். விளக்கு, மெழுகுதிரி, பொத்தான், கோடு எல்லாம். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "எனக்காகவா?" என்று கேட்டான். உனக்காக இல்லை மக்கா, எனக்க வாய்க்காக என்றேன். அதற்குப் பிறகு அவனே என்னைத் தடுத்தான். எல்லோரும் மறந்துவிட்டார்கள், இனி வெளியே சொன்னால் குடும்பத்துக்கு நாணக்கேடு, எலிசாவிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதும் என்றான். தனியாகவா நான் பொய் சொன்னேன்?

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். வள்ளத்துக்கு ஐஸ் போடுகிற தகராறு பேசிக்கொண்டிருந்தார்கள். பாயில் உட்காராமல் நடுவில் போய் நின்றேன். விழவில்லை என்று தெரிந்தே மாதாமாதம் விழுந்தது என்று எலிசாவிடம் சொன்னது நான், கூட்டத்தில் தெரியாது என்று சொன்னதும் பொய் என்றேன். விளக்கு அணையக்கூடாது என்பதற்காகவா என்று யாரோ ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். பேபி பாயிலிருந்து எழுந்து வெளியே போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை அவள்.

அருளப்பன் மெல்லப் பேசினார். "மாமி, அது ஆறின புண்ணு. இப்ப எதுக்குக் கிளறணும்? வீட்டுக்குப் போங்க."

"உங்களுக்கு ஆறியிருக்கும். அவ அங்க முந்திரி ஆலையில கை வெந்து நிக்கா. நோட்டுல அவளப் பத்தி எழுதினியளா, இல்லையா? இப்ப என்னப் பத்தி எழுதுங்க. நான் கைநாட்டு வெக்கேன்."

அவர்களுக்கு எழுத மனமில்லை. எழுதினால் அன்றைக்குத் தீர்மானம் போட்டவர்களுக்கும் குறைச்சல். பார்க்கலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். ஐஸ் தகராறு முடிந்தது, அரைமணி நேரம் ஆனது, ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். நான் எழவில்லை. கடைசியில் அருளப்பன் நோட்டைத் திறந்து எழுதினார். வாசிக்கச் சொன்னேன். 'தவறான தகவல் தந்ததாக' என்று வாசித்தார். அப்படி இல்லை, பொய் சொன்னேன் என்று எழுதச் சொன்னேன். அடித்து எழுதினார். எலிசா மேல் தப்பு இல்லை என்பதையும் எழுத வைத்தேன். பெருவிரலில் மை தடவி அழுத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மையைக் கழுவத் தோன்றவில்லை.

எலிசாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு சாயங்காலம் முந்திரி ஆலை வண்டி வந்து நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்தேன். இறங்கினாள். கை இரண்டும் துணியில் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் பேசத் தொடங்கும் முன்னே அவளே பேசினாள்.

"நீங்க சொன்னத எல்லாம் கேள்விப்பட்டேன் மாமி. கைநாட்டு வெச்சதும் கேள்விப்பட்டேன். எட்டு மாசம்."

எட்டு மாதம் என்று மட்டும் சொன்னாள். மன்னிக்கணும் மக்கா என்றேன்.

"மன்னிச்சாச்சு. எனக்க பிள்ளை நோய்ல கிடந்தப்ப நீங்க இருந்தது எனக்கு மறக்கல. அதுக்காகத்தான் நம்பினேன். இனி யாரு சொல்லையும் கேட்டு நான் கோடு போட மாட்டேன்."

சித்திரை மாதத்து முதல் சனிக்கிழமை அவள் மறுபடியும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். அன்றைக்கு ஏழு வீட்டில் சுவிட்ச் விழவில்லை. ஏழையும் மாற்றினாள். முதலில் போனது பேபியின் வீட்டுக்கு. பேபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று பிரிஜா சொன்னாள். பேபி என்னோடு அந்தக் கூட்டத்தன்று பேச்சை நிறுத்தியவள், இன்றைக்கு வரை பேசவில்லை. இடது கையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டித் தூரக் குழாய்க்குப் போகிறாள். எங்கள் தண்ணீர் அவளுக்கு வேண்டாம். அது அவளுக்கு உள்ள நியாயம்.

திருவிழா விளக்கு வேலை எலிசாவிடம் திரும்ப வந்தது. இப்போது பக்கத்து ஊர்களிலும் கூப்பிடுகிறார்கள். மகள் நர்சுக்குப் படிக்கிறாள். எலிசா மாதா மாதம் எங்கள் வீட்டுக்கும் வருகிறாள், ஒரு மாதமும் தவறியதில்லை. மற்ற வீடுகளில் அவள் நுழையும்போதே பேச்சுக் கேட்கும். மழையில் சுவர் ஈரம் அடிக்கிறதா, மிக்ஸியைத் தொட்டால் சுருக்கென்கிறதா, பிள்ளைகள் பிளக்கில் எதையாவது குத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதில் சொல்ல அவர்களும் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நேரே போர்டுக்குப் போவாள். அழுத்துவாள், விழும், தூக்கிவிடுவாள், கோடு போடுவாள். பிறகு தானே மோட்டாரைப் போய்ப் பார்ப்பாள், வயரைத் தானே தடவிப் பார்ப்பாள், அடுக்களை பிளக்கைத் தானே கழற்றிப் பார்ப்பாள். எல்லா வீட்டையும் விட எங்கள் வீட்டில்தான் அவளுக்கு நேரம் பிடிக்கிறது. போகும்போது வாறேன் மாமி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போவாள். நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்கிறேன். என்னிடம் மட்டும் அவள் ஒன்றும் கேட்பதில்லை.